பூரணாங்குப்பத்தில் ஓர் ஏணி

"சௌக்கியமா?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கம், "சௌக்கியந்தான்" என்று பதில் சொல்வதும் வழக்கம். கேட்டவர் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. சொன்னவரும் யோசித்துச் சொல்வதில்லை. ஆனால் இந்தச் சாதாரணக் கேள்வியை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து, பதிலை எண்ணால் அளந்து, அந்த எண்ணையும் பார்த்து ராஜாங்கத்தை நடத்த வேண்டும் என்று சொல்லும் அறிஞர்கள் இன்று பல தேசங்களில் இருக்கிறார்கள். இதை அறிந்தபோது நமக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வியப்பு வந்தது. கடைசியில், தை மாதத்தில் ஒரு நாள் காலையில், புதுச்சேரி பஸ் நிலையத்துக்கே வந்து சேர்ந்தோம்.

நம்முடன் வந்தவர் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் போதிக்கும் நண்பர். அவர் கையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் ஓர் ஏணி வரைந்திருந்தார். அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. "உச்சிப் படி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடிப் படி மிக மோசமான வாழ்க்கை. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்பதாக எண்ணுகிறீர்கள்?" இவ்வளவுதான் கேள்வி. அமெரிக்காவில் ஹாட்லி காண்ட்ரில் என்ற அறிஞர் கண்ட உபாயம் இது. 1965-இல் அவர் வெளியிட்ட நூலுக்காகப் பல தேசங்களில் இக்கேள்வியைக் கேட்டபோது, இந்தியாவிலும் கேட்டார்கள். 1962-இல் நம்மவர் சொன்ன பதில்களின் சராசரி 3.7. அமெரிக்கர்கள் 1959-இல் சொன்னது 6.6.

2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையும் இந்த ஏணியின் மேல்தான் நிற்கிறது. 2025-ஆம் வருஷத்து அறிக்கையில் 147 தேசங்களுள் நம் தேசத்துக்குக் கிடைத்த இடம் 118. ஆனால் 140 கோடி ஜனங்கள் உள்ள தேசத்தில் சில ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டுச் சராசரி போட்டால், ஒரு கிராமத்து மனிதரின் குரல் அதில் எங்கே கேட்கப் போகிறது? "ஒரு கிராமத்துக்குப் போய் நாமே கேட்டுப் பார்ப்போம்" என்றார் நண்பர். நமக்கும் அது நியாயமாகப் பட்டது.

அதற்குப் பூரணாங்குப்பத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு காரணம் பெயர். பூரணம் என்றால் நிறைவு. கொழுக்கட்டைக்குள் இருப்பதும் பூரணந்தான் என்றாலும், வாழ்க்கையின் நிறைவைப் பற்றி விசாரிக்க இதைவிடப் பொருத்தமான பெயருள்ள ஊர் கிடைப்பது அரிது. மற்றக் காரணம் அதைவிட முக்கியமானது. 2022 டிசம்பரில், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காகத் தயாரிக்கப்பட்ட சமூக முன்னேற்றக் குறியீடு ஒன்று வெளியாயிற்று. பண வருமானத்தைக் கணக்கில் கொள்ளாமல், குடிநீர், வீடு, சுகாதாரம், கல்வி, சுதந்திரம் முதலியவற்றையே அளந்த பட்டியல் அது. அதில் இந்தியாவிலேயே முதலிடம் பெற்றது புதுச்சேரி, 100-க்கு 65.99. முதல் பரிசு வாங்கிய பிள்ளையை மேடையில் பார்த்தால் போதுமா? வீட்டிலும் போய்ப் பார்க்க வேண்டாமா?

பஸ் கடலூர்ச் சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. முருங்கப்பாக்கத்தைத் தாண்டியதும் அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலம் வந்தது. இடது புறத்தில் ஆறு கடலை நோக்கி வளைந்து போகும் திசையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோமாபுரியோடு தமிழ் நாடு நடத்திய வாணிபத்துக்குச் சான்றுகளை எடுத்தார். அந்த மண்ணில் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இந்தக் காலத்து மதுவுக்குச் சான்று தேட அகழ்வாராய்ச்சி தேவையில்லை. சாலையோரத்துப் பலகைகளே போதும். தமிழ் நாட்டைவிட மலிவாக விற்கும் சரக்குக்காக அயல் மாவட்டத்தாரும் எல்லை தாண்டி வருவது எல்லோரும் அறிந்ததே. இதைப் பிறகு பேசுவோம்.

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் மேல் பஸ் ஏறியது. கீழே படகுத் துறையில் உல்லாசப் பிரயாணிகள் கூட்டம். அவர்களுள் பலர் படகேறி ஆற்று முகத்து மணல் திட்டுக்குப் போய்ப் படம் எடுத்துக் கொண்டு மாலையில் நகரத்துக்குத் திரும்பி விடுவார்கள். நாம் இன்னும் சிறிது தூரம் போய், சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினோம். நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது பூரணாங்குப்பம். ஆனாலும் காற்று மாறிவிட்டது. தென்னை, சவுக்கு, உப்பு வாசனை, அடுப்புப் புகை. ஓட்டு வீடுகளுக்கு நடுவே மாடி வீடுகள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண் குழந்தைகள் சைக்கிளில் மணியடித்துக் கொண்டு நம்மைத் தாண்டிப் போனார்கள். குழாயில் தண்ணீர் வந்து கொண்டிருந்தது. முதல் பரிசு பொய்யல்ல என்று தோன்றியது.

முதலில் நம் ஏணியில் ஏறியவர் ஒரு பாட்டி. வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை வைத்திருந்தார். இட்லியும் காரச் சட்டினியும் முடிந்த பிறகு நண்பர் நோட்டை விரித்தார். பாட்டி படத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னா தம்பி இது, ஏணியா? எங்கே சாத்துறது?"

நண்பர் விளக்கினார். பாட்டி சற்று நேரம் யோசித்தார். "காலைல ஏழு வெச்சுக்குங்க. ராத்திரில ரெண்டு."

"ஏன் பாட்டி அப்படி?"

"காலைல நாலு பேரு வர்றாங்க, சாப்புடுறாங்க, நல்லது பொல்லாது பேசுறாங்க. பொழுது சாஞ்சா வூட்ல நானும் செவுருந்தான். பொண்ணு மெட்ராஸ்ல இருக்குது. பையன் வருவான், வர்றப்போ நெதானத்துல இருக்க மாட்டான். அதுக்கு அவன் வராமலே இருக்கலாம்னு தோணும். பெத்தவ அப்பிடி நெனைக்கலாமா, சொல்லுங்க."

நண்பரின் பேனா நின்று விட்டது. ஒரே பெட்டியில் ஏழையும் இரண்டையும் எப்படி எழுதுவது? சராசரி போட்டு நாலரை என்று எழுதினால், அந்தப் பாட்டி ஒரு நாளும் நிற்காத படியில் அவரை நிறுத்தியதாகும்.

வழியில் நண்பர் சொன்னார்: "இந்தக் கஷ்டம் அறிஞர்களுக்கும் தெரியாததல்ல. பிரிட்டனில் 2011 முதல் சர்க்கார் புள்ளி விவர அலுவலகமே ஜனங்களிடம் நான்கு கேள்விகள் கேட்கிறது. உம் வாழ்க்கை உமக்கு எவ்வளவு திருப்தி? நீர் செய்பவை எவ்வளவு பயனுள்ளவையாகத் தோன்றுகின்றன? நேற்று எவ்வளவு சந்தோஷமாயிருந்தீர்? நேற்று எவ்வளவு கவலைப்பட்டீர்? முதல் இரண்டும் வாழ்க்கையைத் தூர நின்று பார்ப்பவை. பின் இரண்டும் நேற்றைய பொழுதைப் பார்ப்பவை. இரண்டும் வேறு வேறு என்று இந்தப் பாட்டி நமக்கு ஒரே வார்த்தையில் சொல்லி விட்டார்."

மகிழ்ச்சி அறிக்கையைத் தயாரிப்பவர்கள், தேசங்களுக்குள்ள வித்தியாசத்தை ஆறு காரணங்களால் விளக்கப் பார்க்கிறார்கள். தலைக்கு வருமானம், ஆரோக்கியமான ஆயுள், ஆபத்தில் கை கொடுக்க ஒருவர் இருத்தல், தன் வாழ்க்கையைத் தானே நிர்ணயிக்கும் சுதந்திரம், ஈகை, லஞ்சமின்மை என்பவை அவை. இவற்றுள் மூன்றாவது நம் பாட்டிமார்களுக்குப் புதிதல்ல. "நாலு பேர் வேண்டும்" என்பது நம் தமிழ். அதையே அவர்கள் எண்ணாக்கியிருக்கிறார்கள். பிரிட்டன் 2018-இல் தனிமை என்னும் துயரத்துக்கென்றே ஒரு மந்திரியை நியமித்தது. பெரிய தேசம் செய்த சிறிய காரியம் என்று சிலர் நகைத்தார்கள். பூரணாங்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் நகைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு கடற்கரைக்கு நடந்தோம். படகின் நிழலில் ஒரு நடு வயது மீனவர் கிழிந்த வலையைச் சரி செய்து கொண்டிருந்தார். அவருக்கு ஏணியைக் காட்டியதும் யோசனையே இல்லாமல் "எட்டு போட்டுக்குங்க சார்" என்றார். நண்பருக்குப் பரம திருப்தி.

"அப்படியானால் உங்கள் மகனும் இதே தொழிலுக்கு வருவானா, அண்ணே?" என்று கேட்டோம்.

வலையிலிருந்து அவர் கை விலகியது. "வேணாம் சார். அவனைக் கடல்ல எறக்க மாட்டேன். ரெண்டு மாசம் தடைக் காலம். மீதி மாசம் டீசல் கடன். எனக்கு வேற தெரியாது, அதனால எட்டு. அவனுக்கு இதே எட்டு வேணாம்."

வாழ்க்கைத் திருப்தியைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதிலும் உள்ள பெரிய சிக்கலை அந்த மனிதர் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்து விட்டார். மனிதன் பழகிக் கொள்ளும் பிராணி. குறைந்த அளவையே விதியென்று ஏற்றுக் கொண்டவன் குறைவாகவே ஆசைப்படுவான். கேட்டால் "நிறைவு" என்பான். நம் தேசத்துப் பேரறிஞர் அமர்த்தியா சென் இதற்கு ஓர் உதாரணம் காட்டியிருக்கிறார். வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷமான 1944-இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஆரோக்கியத்தைப் பற்றி விசாரித்தார்கள். மனைவியை இழந்த ஆடவருள் 100-க்கு 48.5 பேர், உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களுள் அப்படிச் சொன்னவர்கள் 100-க்கு 2.5 பேரே. அக்காலத்து விதவைகள் அவ்வளவு ஆரோக்கியமாகவா இருந்தார்கள்? அவர்கள் முறையிடுவதையே மறந்திருந்தார்கள் என்பதுதான் உண்மை. அவர்களுடைய பதிலை மாத்திரம் நம்பி வைத்திய சாலை கட்டுவதானால், விதவைகளுக்கு ஒரு கட்டிலும் வேண்டாம் என்று முடிவாகியிருக்கும்!

ஆகவே, ஜனங்கள் திருப்தி என்று சொல்லி விட்டார்கள், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எந்த மந்திரியும் எழுந்திருக்க முடியாது. தண்ணீரையும் பள்ளியையும் மருந்தையும் எண்ணுவது எண்ணியே தீர வேண்டியது. அப்படியானால் இந்த ஏணி எதற்கு? அதை நமக்கு விளக்கியவள் ஒரு பெண்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள் அவள். கல்லூரிப் படிப்பு முடித்தவள். நகரத்தில் ஏதோ பரீட்சைக்குப் பயிற்சி பெறுகிறாளாம். கேள்வியை நன்றாகப் புரிந்து கொண்டு, பென்சிலை வாங்கித் தானே குறித்தாள். நாலு.

"எங்கள் வீட்டில் எல்லாம் இருக்கிறது சார். குழாய் இருக்கிறது, காஸ் இருக்கிறது, அப்பாவுக்குச் சம்பளம் வருகிறது. என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் பட்டம் வாங்கினேன். ஆனால் மூன்று வருஷமாகக் காத்திருக்கிறேன். காலையில் எழுந்தால் என்னை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை என்று தோன்றுகிறது. அந்தக் கஷ்டத்தை எந்த விண்ணப்பத்திலும் எழுத முடியாதே."

சர்க்கார் கணக்கில் அவள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மீனவர் வீட்டில்தான் பல குறை. ஏணியிலோ அவர் எட்டிலும் இவள் நாலிலும் நிற்கிறார்கள். இதில் எது பொய்? இரண்டும் பொய்யில்லை. வேலையில்லாமை என்பது சம்பள நஷ்டம் மாத்திரம் அல்ல, அதற்கு மேலும் மனத்தை அரிக்கும் நோய் என்பது பல தேசத்து ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. குழாயை எண்ணுகிறவனுக்கு அது ஒரு நாளும் தெரியாது. அவளைக் கேட்டவனுக்கே தெரியும்.

2008-இல் பிரெஞ்சு ஜனாதிபதி சர்க்கோசி, தேசத்தின் முன்னேற்றத்தை அளப்பது எப்படி என்று ஆராய ஒரு குழுவை நியமித்தார். ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், அமர்த்தியா சென், ழான் பால் ஃபிதூசி ஆகிய மூவர் அதை நடத்தினார்கள். உற்பத்தியை மாத்திரம் அளந்தது போதும், ஜனங்களின் நலத்தை அளக்க வேண்டும் என்று 2009-இல் அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். தம் வாழ்க்கையைப் பற்றி ஜனங்களே கூறும் மதிப்பையும் சர்க்கார் புள்ளி விவர அலுவலகங்கள் கேட்டுப் பதிய வேண்டும் என்றும் அதில் சொன்னார்கள். சிங்கூர் விதவைகளை நமக்கு ஞாபகப்படுத்திய அதே சென், இதற்குச் சம்மதித்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணுவதற்குப் பதிலாகக் கேட்பது அல்ல. எண்ணிவிட்டுக் கேட்பதும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தென்னந்தோப்பில் உட்கார்ந்தோம். நண்பர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஏணி இல்லை. இரண்டே எண்கள் இருந்தன: 29.7; 12.4.

தேசியக் குற்றப் பதிவு அலுவலகம் 2022-ஆம் வருஷத்துக்கு வெளியிட்ட கணக்கு அது. லட்சம் பேரில் எத்தனை பேர் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டார்கள் என்பதன் விகிதம். இந்தியா முழுவதற்கும் 12.4, புதுச்சேரிக்கு 29.7. சிக்கிமுக்கும் அந்தமானுக்கும் அடுத்தபடி தேசத்திலேயே மூன்றாவது இடம். முந்திய வருஷமும் மூன்றாவது இடந்தான்.

நாம் சிறிது நேரம் பேசவில்லை. சின்னப் பிரதேசத்தில் விகிதம் எளிதில் ஏறும். ஒழுங்காகப் பதிவு செய்கிற இடத்தில் எண் கூடுதலாகத் தெரியும். அயல் மாவட்டத்து நோயாளிகளும் புதுச்சேரி ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். இவற்றையெல்லாம் கழித்துப் பார்க்க வேண்டியதுதான். ஆயினும் தேசத்து விகிதத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட எண்ணை இந்தச் சமாதானங்களால் மூடி விட முடியாது. ஒரே வருஷத்தில், ஒரே பிரதேசம், ஒரு பட்டியலில் முதலாவதாகவும் மற்றொரு பட்டியலில் மூன்றாவதாகவும் நிற்கிறது. முதல் பட்டியல் குழாயையும் பள்ளியையும் கேட்டது. இரண்டாவது பட்டியல் இறந்தவர்களை எண்ணியது. இரண்டுக்கும் நடுவில், உயிரோடிருப்பவரைப் பார்த்து "எப்படி இருக்கிறீர்?" என்று கேட்கும் பட்டியல் ஒன்று இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

இதைப் படிப்பவர் எவருக்கேனும், அல்லது அவர்கள் வீட்டார் எவருக்கேனும், மனம் அவ்வளவு பாரமாயிருந்தால், 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசலாம். 2022-இல் சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் என்னும் உதவி அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசுகிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இனி, கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகு ராஜாங்கம் என்ன செய்யும் என்பதைப் பார்க்கலாம். நியூஸீலாந்து 2019-இல் தன் வரவு செலவுத் திட்டத்துக்கே நல்வாழ்வுத் திட்டம் என்று பெயரிட்டு, மன நோய் வைத்தியத்துக்கு முதன்மை கொடுத்தது. பூட்டான் அரசர் உற்பத்தியைவிட மகிழ்ச்சி பெரிது என்று சொன்னதை ஒன்பது துறைகளாக வகுத்து, 2010, 2015, 2022 ஆகிய வருஷங்களில் ஜனங்களைக் கேட்டு அளந்தார்கள். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம் 2016-இல் ஆனந்தத்துக்கென ஓர் இலாகாவே ஏற்படுத்தியது. பிரிட்டிஷ் பொக்கிஷ இலாகா 2021-இல் இன்னும் துணிந்து ஒரு விதி வகுத்தது. ஒரு மனிதர் ஒரு வருஷ காலத்துக்கு ஏணியில் ஒரு படி ஏறினால், திட்டங்களை எடை போடும்போது அதை ஏறக்குறைய 13,000 பவுன் லாபமாகக் கணக்கிடலாம் என்றது.

மனித மனத்துக்குப் பவுனில் விலையா என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இப்போதும் விலை இருக்கத்தான் இருக்கிறது. அந்த விலை பூஜ்யம். ஒரு சாராயக் கடையை எடுத்துக் கொள்வோம். அதன் ஏலத்தொகையும் வரியும் சர்க்கார் கணக்கில் வரவாக ஏறுகின்றன. திண்ணைப் பாட்டி இரவில் ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்குவது எந்தக் கணக்கிலும் செலவாக ஏறுவதில்லை. மாலை வேளையில் கிழவர் கிழவிகள் கூடி உட்கார ஒரு கூடமும், விளக்கும், காப்பியும் ஏற்பாடு செய்தால் அது செலவு என்று எழுதப்படுகிறது. அதனால் ஐம்பது பேர் இரண்டிலிருந்து நாலுக்கு ஏறினால் அந்த வரவை எழுதப் பத்தி இல்லை. தராசில் ஒரு தட்டு மாத்திரம் இருந்தால் எந்த வியாபாரமும் லாபந்தான். மற்றத் தட்டைக் கட்டுவதே இந்த ஆராய்ச்சியின் வேலை.

"சரி, யார் கேட்பது?" என்றோம். அதற்கும் இந்தக் கடற்கரையிலேயே விடை உண்டு. பூரணாங்குப்பத்துக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவியது. தாங்களே ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக் கொண்டு வந்து போதிக்காமல், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஊராரையே கேட்டார்கள். மீனவர்கள் கேட்டது, நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்ற சேதி. அதை ஒலிபெருக்கியில் தினமும் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில், சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அதே ஒலிபெருக்கி அலறியது. சுமார் 3,600 ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் போகவில்லை.

அலையின் உயரத்தைக் கேட்டறிந்த ஊர் பிழைத்தது. மனத்துக்குள் எழும் அலையின் உயரத்தையும் ஊருக்குள் இருப்பவர்களே கேட்டறிந்தால் பிழைப்பவர் பலர் இருப்பார்கள். தலைநகரத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வந்து நோட்டை நீட்டும் நம்மைப் போன்றவர்களால் அது ஆகாது. கேட்டவர் மறு நாளும் அதே தெருவில் நடக்க வேண்டும், பதில் சொன்னவர் அவரை வழி மறித்து "என்ன செய்தீர்?" என்று கேட்க முடிய வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் இந்நாட்டில் ஒரு காலத்தில் இருந்தார்கள். பூரணாங்குப்பம் அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்தது. கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சொல். புதுச்சேரி இந்தியாவோடு சேருவதா என்ற கேள்வி 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கேட்கப்பட்டபோது, பதில் சொன்ன 178 பேரும் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி சபை அங்கத்தினர்களும் இத்தகைய கொம்யூன்களின் கவுன்சிலர்களுமே. 170 பேர் சேருவோம் என்றார்கள். 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கை மாறியது. ஆகவே இந்தப் பிரதேசத்தின் சுதந்திரமே, கேட்டதும் பதில் சொன்னதுமான ஒரு நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல மனம் கூசுகிறது. 1968-இல் உள்ளூர் மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் நடக்க 38 வருஷங்கள் ஆயின, 2006-இல் நடந்தது. 2011-இல் அந்தப் பதவிக் காலமும் முடிந்தது. பத்து வருஷங்களுக்குப் பிறகு, 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் வழக்குகளில் சிக்கி நின்று போயிற்று. குழாய்க்கும் சாலைக்கும் அதிகாரிகள் போதும். அவற்றை நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் "எப்படி இருக்கிறாய், ஆயா?" என்று கேட்கவும், கேட்டதற்குப் பொறுப்பேற்கவும் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர் வேண்டும். 1968-க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அத்தகையவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு தேர்தல்தான் நடந்தது என்றால், நடுவிலுள்ள பட்டியல் காலியாயிருப்பதில் என்ன ஆச்சரியம்?

மாலை மயங்கும் வேளையில் பாட்டியின் திண்ணை வழியே திரும்பினோம். அடுப்பு அணைந்திருந்தது. வாசலில் ஒற்றை விளக்கு.

"இதையெல்லாம் எழுதிட்டுப் போயி யாருகிட்ட குடுப்பீங்க, தம்பி?" என்று கேட்டார்.

நண்பர் சற்றுத் தயங்கி, "பத்திரிகையில் எழுதுவோம், பாட்டி" என்றார்.

"எழுதுங்க. எங்கிட்ட இந்த மாதிரி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார் பாட்டி. பிறகு, "நீங்க எந்தப் படியில இருக்கீங்கன்னு சொல்லவே இல்லியே?" என்றார். நம் இருவருக்கும் உடனே பதில் வரவில்லை. கேட்பது எவ்வளவு எளிது, சொல்வது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரிந்தது. சற்று நேரம் உட்கார்ந்து, அவரவர் எண்ணைச் சொல்லி, காரணத்தையும் சொன்னோம். கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸை விட்டு விட்டோம். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அன்றிரவு பாட்டியின் கணக்கில் இரண்டு என்பது மூன்றாயிற்றோ என்னவோ, நம் கணக்கில் ஒரு படி நிச்சயமாக ஏறிற்று.

நாம் வேண்டுவது பெரிய இலாகா அல்ல. ஒவ்வொரு கொம்யூனிலும் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை அதன் அங்கத்தினர்கள், படித்த ஊர்ப் பெண்களின் துணையோடு, வீடு வீடாகச் சென்று மூன்று நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எண்ணோடு காரணத்தையும் எழுத வேண்டும். பெயரை வெளியிடாமல் பதில்களைக் கிராம சபையில் படித்து, ஒவ்வொரு குறைக்கும் என்ன செய்யப் போகிறோம் என்று அங்கேயே சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் பரிசு கொடுக்கும் போட்டியாக மாத்திரம் இதை ஆக்கிவிடக் கூடாது. பரிசு வந்து விட்டால் எல்லாரும் பத்து என்று சொல்லப் பழக்கி விடுவார்கள். அந்தப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு இதிலேயே ஒரு வேலையும் கிடைக்கக்கூடும். காலையில் எழுந்தால் அவளை நாலு வீட்டார் எதிர்பார்த்திருப்பார்கள்.

சர்க்கார் தொடங்கும் வரையில் நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை யாரையேனும் "சௌக்கியமா?" என்று கேட்கும்போது, பதில் வரும் வரையில் நின்று கேட்போம்.